கணவாயில் பொழுது விழும் மாதங்கள்: கொங்கு நாட்டில் அந்தி பார்க்க ஒரு கையேடு

நாள்காட்டித் தாளில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பிக் கிளம்பினால் கொங்கு நாட்டில் பாதி நாள் ஏமாற்றம்தான். அந்த நேரம் தடையில்லாத அடிவானத்துக்கானது. நமக்கு மேக்கால நிற்பது மலை. வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டியில் நின்றால், தாளில் உள்ள நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே பொழுது மலைக்குப் பின்னால் போய்விடும். தாளில் இருப்பது சென்னை நேரமாக இருந்தால் இன்னொரு பிசகும் சேரும். கோவையில் ஜூனில் 10 நிமிடம், டிசம்பரில் 17 நிமிடம் அளவுக்கு அஸ்தமனம் பிந்தி நடக்கும். கோவைக் கணக்கு நவம்பர் பின்பாதியில் 5.55 வாக்கில் தொடங்கி, ஜூலையில் 6.50 வரை போகும்.

நேரத்தைக் கையாலேயே அளக்கலாம். கையை முழுசாக முன்னால் நீட்டி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் உயரம் வானத்தில் சுமார் 10 பாகை. நம் ஊர்களில் பொழுது கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக, மலைமுகட்டுக்கும் பொழுதின் அடிவிளிம்புக்கும் நடுவே ஒரு முட்டி இருந்தால் 40 நிமிடம் பாக்கி. மூன்று விரல் என்றால் 20, ஒரு விரல் என்றால் 8 நிமிடம். விளிம்பு முகட்டைத் தொட்டபின் முழு வட்டமும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அளக்கும்போது பொழுதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது திசை. மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்கில் பொழுது நேர் மேற்கில் விழும். ஜூன் 21-ல் அதற்கு வடக்கே 24 பாகை, டிசம்பர் 21-ல் தெற்கே 24 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து இரண்டு பக்கமும் ரெண்டரை முட்டி தள்ளி. இது தெரிந்தால்தான் பாலக்காட்டுக் கணவாயைப் பயன்படுத்த முடியும். வடக்கே வாளையாற்று மலை, தெற்கே நெல்லியாம்பதி; நடுவே மலைத்தொடர் அறுந்து தாழ்ந்து கிடக்கிறது. அந்த வாய்க்குள் பொழுது இறங்கினால் மலை அதை முன்கூட்டி விழுங்காது. சிவந்து, கூசாத தட்டாகிக் கடைசி வரை கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் கணவாய் எந்தத் திசையில் தெரிகிறது என்பது நிற்கும் ஊரைப் பொறுத்தது. பல்லடம் பக்கத்திலிருந்து அது தென்மேற்கில் இருப்பதால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பொழுது அதற்குள் விழும். கிணத்துக்கடவுக்கு ஐப்பசி முதல் பங்குனி வரை நல்ல காலம். ஊருக்குள்ளேயே பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று இருக்கிறது. பொள்ளாச்சிக்குக் கணவாய் நேர் மேற்கிலும் சற்று வடக்கிலும் என்பதால் பங்குனி, சித்திரை பொருந்தும். மார்கழியில் பொள்ளாச்சியில் நின்றால் பொழுது நெல்லியாம்பதிப் பக்கத்து மலையில் போய் மறையும். ஆனி, ஆடியில் திசை பொருந்தினாலும் தென்மேற்குப் பருவ மேகம் கணவாயை அடைத்துக்கொள்ளும் நாளே அதிகம்.

மருதமலையைப் பலர் அந்திக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது கிழக்கே பார்த்த மலை. மேற்கில் முதுகுப்பக்கம் உயர்ந்த மலைகள். இருட்டியபின் கோவையின் விளக்குகளைப் பார்க்க ஏற்ற இடம், பொழுது விழுவதைப் பார்க்க அல்ல. மேற்கு திறந்து கிடக்கும் தனிக்குன்று வேண்டுமென்றால் சென்னிமலை. 1,320 படி ஏற வேண்டும், வாகனப் பாதையும் உண்டு. ஏற்காட்டில் என்றால் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனை.

மலை ஏற முடியாதவர்களுக்குக் குளக்கரை போதும். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, நிலமும் அப்படியே சரிகிறது. அதனால் குளங்களின் பெரிய கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் அமையும். உக்கடம் பெரியகுளமோ சிங்காநல்லூர்க் குளமோ, கிழக்குக் கரையில் நின்றால் முன்னால் தண்ணீர், அதற்கப்பால் மலை. காற்று அடங்கியிருந்தால் முகட்டின் தலைகீழ் நிழல் விழும். அலை இருந்தால் அந்த நிழல் உடைந்து, பொழுதுக்கு நேராக ஒரு செம்பொன் பாதை கரை வரை நீளும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் இரண்டும் கிடையாது. முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

இனி வானம். அடிவானத்தில் பார்க்கும்போது ஒளி நம் தலைக்கு நேர் மேலே உள்ளதைப் போல 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. தூசி நிறைய இருந்தால் சிவப்பு கூடும் என்று நினைப்பது தவறு. மாசி, பங்குனிப் புழுதியும் புகையும் நிறத்தை மங்கடித்து அழுக்குச் செம்மண்ணாக்கிவிடும். மழை கழுவிய மறுநாள்தான் நிறம் தெளிவாக விழும், ஆகவே ஐப்பசி, கார்த்திகையே நல்ல பருவம். சாயங்காலம் நாலரைக்கு மேகத்தைப் பாருங்கள். பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல உயரத்தில் மெல்லிய மேகம் பாதி வானத்தில் இருந்து, மேற்கு அடிவானம் திறந்திருந்தால் உடனே கிளம்பலாம். அடியில் கனத்த மேகம் படுத்திருந்தால் ஒளி உள்ளே வர வழியில்லை. மழை விட்டு மேற்கு மட்டும் வெளுத்தால் கிழக்கே பாருங்கள். பொழுது தாழ்ந்திருக்கும்போதுதான் வானவில் அரைவட்டம் அளவுக்கு எழும்.

வட்டம் மறைந்ததும் வண்டியைக் கிளப்புவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உயரத்து மேகத்துக்கு அடிவானத்துக்குக் கீழிருந்து ஒளி படுவது அதன்பிறகு 10 முதல் 20 நிமிடம் வரை. அந்த நேரத்தில் ஒருமுறை கிழக்கே திரும்புங்கள். அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும், அதன் மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல். சென்னிமலை போன்ற குன்றிலிருந்து இது தெளிவாகத் தெரியும்.

கைப்பேசியில் படம் எடுக்க, முதலில் வில்லையைத் துணியால் துடையுங்கள். பொழுதுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். நிறச்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் அது சிவப்பைக் குறைத்துவிடும். பகல் ஒளிக்கு மாற்றுங்கள். இருநோக்கியை (பைனாகுலர்) பொழுது முழுவதும் மறையும் வரை தொடவே கூடாது, கண் போய்விடும்.

திருப்பூரிலிருந்தும் கரூரிலிருந்தும் தொழில் விஷயமாக வெளிநாடு போகிறவர்கள் முட்டிக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இதே கணக்குதான். லண்டனில் பொழுது சாய்வாக, வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இறங்கும். மார்ச்சில் ஒரு முட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பருவத்துக்குப் பருவம் அங்கே திசை நேர் மேற்கிலிருந்து இருபக்கமும் 40 பாகை வரை விலகும். சாய்வாக இறங்குவதால், கட்டடத்துக்கு இடப்பக்கம் தெரியும் பொழுது அதன் பின்னால்தான் போய் மறையும். இன்னும் வலப்பக்கம் திறந்த இடம் தேடுங்கள். சிட்னியில் இந்த நகர்வு இடப்பக்கமாக நடக்கும்.

ஊரில் பார்க்கும்போது கையில் டார்ச் கட்டாயம். குளக்கரையில் பொழுது போனதும் பாம்பு நடமாடும், கொசுவும் சூழும். தடாகம், ஆழியாறு, மருதமலை அடிவாரங்களில் அந்தி யானை இறங்கும் நேரம். அங்கே பொழுது மறைந்தபின் வரும் ஒளிக்குக் காத்திருக்காமல், முட்டி ஒரு விரலாகக் குறைந்ததுமே ஊர்ப் பக்கம் திரும்பிவிடுங்கள். மிச்ச நிறத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.