மழை விட்டதென்று வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள்

மட்டக்களப்பில் வெள்ளத்தில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் வானத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். இரண்டு நாள் விடாமல் பெய்த மார்கழி மழை ஓய்ந்து வெயில் எறித்ததும், "சரி, இனிப் பயமில்லை" என்று கட்டிலில் ஏற்றி வைத்த சாமான்களை இறக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் மேற்கே பெய்த மழையை முந்தனை ஆறும் மாதுறு ஓயாவும் அதற்குப் பிறகுதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரைக்குக் கொண்டு வருகின்றன. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களில் மிகுதி நீரை வெளியேற்றும் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீரும் நம் வயல்களைத் தாண்டித்தான் வாவிக்கு இறங்க வேண்டும். ஆகவே எத்தனை கதவு, எத்தனை அடி திறந்திருக்கிறது என்று கிராம சேவகரிடம் விசாரியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டியதும், "முகத்துவாரம் வெட்டியாச்சு, இரவுக்குள் வடிந்துவிடும்" என்று நம்புவதும் ஆபத்தானது. வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். முகத்துவாரத்தில் வெட்டினாலும் தொலைவில் உள்ள மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்து நீர் இறங்க நேரம் எடுக்கும். வெட்டிய இடத்தை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். மணற்கரை காலடியிலேயே இடிந்து விழும்.

உயிரைப் பறிக்கும் தவறு வீதியில்தான் நடக்கிறது. கிரான்–புலிபாய்ந்தகல் வீதி போல அடிக்கடி மூழ்கும் பாதைகளில், "தெரிந்த ரோடுதானே" என்று இறங்குகிறார்கள். மேலே கலங்கல் நீர் ஓடும்போது, கீழே மதகடியில் தார் அரித்துப் போய்க் குழி விழுந்திருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? முழங்காலளவு நீர் என்றாலும் இழுவை இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். உழவு இயந்திரம் கனமானது, போய்விடும் என்று நினைப்பதும் பிழை. காற்றடைத்த பெரிய ரயர்கள் நீரில் மிதக்கப் பார்க்கும். பின்னால் இழுத்துவரும் பெட்டியின் பக்கப் பலகையில் வெள்ளம் மோதி முழுவதையும் வீதிக்கு வெளியே தள்ளும். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. ஆறு மாணவர்கள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் யாருக்குத்தான் இல்லை? ஆனாலும் வீதி மூடியிருந்தால் படகு வரும்வரை காத்திருங்கள், இல்லையேல் அன்றிரவு இக்கரையிலேயே தங்குங்கள். பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் பட்டியை விட்டு வர மனமில்லாமல் கடைசிவரை நிற்பார்கள். அந்த மனசு புரிகிறது. தண்ணீர் ஏறுமுன்னே மேட்டுக்குச் சாய்த்துவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டி வைத்த மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்துவிட்டது நீந்தி மேடு தேடும்.

வீடு திரும்பியதும் சுவிட்சில் கை வைக்காதீர்கள்; நனைந்த வயர்களை மின்வினைஞர் பார்க்கட்டும். அலுமாரிக்கு அடியில், விறகு அடுக்கில் பாம்பு ஒதுங்கியிருக்கும், தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போடும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். வயலுக்கு இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்தபின் அதை விழுங்கிவிட்டு வீட்டில் படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.