மரத்தளத்துக்கு நெடி அடிக்காத அண்டர்லே: செட்டிநாட்டு வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மரப்பலகைக்கும் தரைக்கும் நடுவே போடும் மெல்லிய விரிப்புதான் அண்டர்லே. பலகைக்கு அடியில் போய்விடுவதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் புது அறையைச் சாத்தி ஏசி போட்டதும் மூக்கில் ஏறும் நெடி பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சித்திரை வெயிலில் மாடி அறை கொதிக்கும். சூடு ஏற ஏற ரப்பரும் பசையும் பிளைவுட்டும் விடுகிற ஆவியும் கூடும். பிள்ளைகள் தரையிலேயே படுத்துப் புரளும் வீடென்றால் இதில் விலை பார்க்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள்: நல்ல நிலையில் உள்ள ஆத்தங்குடிக் கல்லை (கையால் செய்த சிமென்ட் டைல்) மூடி மரம் போடாதீர்கள். அதன் வழவழப்பு வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வந்தது. மாடி அறையோ புதிதாகக் கட்டும் அறையோ மரத்துக்குப் போதும்.

படி 1: ஈரம் பாருங்கள்

18 அங்குலச் சதுரமாகப் பாலித்தீன் சீட்டை வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் தரையில் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போடுங்கள். கோடையில் தரை காய்ந்ததுபோல ஏமாற்றும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படியே 10 அடி மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் கொத்தனாரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். அண்டர்லே பள்ளத்தை நிரப்பாது.

படி 2: பலகைக்கு ஏற்ற பொருள்

ஆணி அடித்துப் பொருத்தும் முழுத் தேக்குப் பலகைக்கு அடியில் ஃபோம் கூடாது. பலகை அமுங்கி எழும்பி, ஆணி தளர்ந்து, நடக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். தரையில் பதித்த பிளைவுட் மேல் தடித்த கிராஃப்ட் காகிதம் (பழுப்பு நிறப் பொதி காகிதம்) விரித்து அடிப்பதே போதும். தார் பூசிய காகிதம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது, நெடி அடிக்கும்.

தரையில் ஆணியோ பசையோ போடாமல், ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் எஞ்சினியர்டு பலகைக்கு (பல அடுக்கு மரத்தின் மேல் நல்ல மரத்தோல் ஒட்டியது) 2 அல்லது 3 மி.மீ. கார்க், இல்லையென்றால் 2 மி.மீ. பாலித்தீன் ஃபோம். தடிமன் கூடினால் மெத்தென்று இருக்கும் என்று 5 மி.மீ. வாங்குகிறவர்கள் உண்டு, கால் வைக்கும் இடமெல்லாம் அமுங்கிப் பலகையின் கோப்பு உடைந்துபோகும். பழைய டயரை அரைத்துச் செய்த ரப்பரைப் படுக்கையறைக்குத் தவிருங்கள்.

படி 3: சான்றும் மூக்கும்

உறையில் பச்சை இலை படம் இருப்பது சான்று ஆகாது. ஆவி குறைவாக விடும் பொருளென்று சோதித்துத் தரும் ஃப்ளோர்ஸ்கோர், கிரீன்கார்டு கோல்டு, ஈசி1 பிளஸ் இவற்றில் ஒன்றின் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் தடிமனும் உங்கள் ரோலோடு ஒத்துப்போக வேண்டும். கார்க் இயற்கைப் பொருள்தான், ஆனால் துகளை ஒட்டியிருக்கும் பசை அளவோடுதான் ஆவி விடுகிறதா என்று அந்தத் தாள்தான் சொல்லும். பிளைவுட் போடுவதென்றால் ஈ0 தரம் (பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவி மிகக் குறைவானது) கேளுங்கள்.

பிறகு வீட்டிலேயே ஒன்று செய்யலாம். உள்ளங்கை அளவுத் துண்டை, கழுவிக் காயவைத்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடி, மொட்டை மாடி வெயிலில் 2 மணி நேரம் வையுங்கள். திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரியோ டயர் மாதிரியோ அடித்தால் வேண்டாம். வாசம் இல்லாததால் மட்டும் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. குறைந்த அளவு ஃபார்மால்டிஹைடு மூக்குக்குத் தெரியாது, அதற்குத்தான் சான்றிதழ்.

படி 4: விரிப்பது

12×14 அடி அறை 168 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 185 வாங்குங்கள். ரோலைப் பிரித்து இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான தாழ்வாரத்தில் நிழலில் போட்டுவையுங்கள்.

சிமென்ட் தரையில் முதலில் 200 மைக்ரான் பாலித்தீன் சீட், ஓரங்கள் 8 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. அதன்மேல் அண்டர்லே, பலகை ஓடும் திசைக்குக் குறுக்காக. இதை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து டேப் ஒட்டுங்கள். ஏற்றினால் அந்த இடத்தில் பலகை தூக்கிக்கொள்ளும். அண்டர்லேயிலேயே ஈரத்தடுப்புப் படலம் ஒட்டியிருந்தால் தனிச் சீட் வேண்டாம். பலகைக்கு அடியிலேயே பஞ்சு ஒட்டி வந்திருந்தால் அண்டர்லேயே வேண்டாம். பலகைக்கும் சுவருக்கும் 10 மி.மீ. இடைவெளி விட மறக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும்.

கீழே எங்கும் பசை தடவ விடாதீர்கள். மிதக்கும் தளத்துக்குப் பசை தேவையில்லை. மலிவுப் பசை ஒரு டப்பா போதும், பார்த்துப் பார்த்து வாங்கிய அண்டர்லே வீணாகிவிடும்.