குரூப் கேட்டு வரும் முன்: பள்ளியில் தொழில் வழிகாட்டல் செய்யும் முறை

தலைமை ஆசிரியர் உங்களை அழைத்து, "இந்த ஆண்டு உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் நீங்கள்தான்" என்று சொல்லியிருந்தால் இது உங்களுக்காக எழுதியது. கடலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தப் பொறுப்பும் பல ஆண்டுகளாக என் தலையில்தான் இருக்கிறது. முதலில், செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி மாதம் ஒரு நாள் மைக் வைத்து, கல்லூரிக்காரர்கள் நான்கு பேரை மேடையேற்றி, பளபளப்பான துண்டறிக்கை கொடுத்து அனுப்பிவிட்டு, வழிகாட்டல் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். அன்று பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு பேனாவும், எந்தக் கல்லூரியின் பஸ் எந்த ஊருக்கு வரும் என்ற தகவலும்தான்.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு மூச்சு விடவிடாது. ரிசல்ட் வந்த கையோடு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிடும். "டீச்சர், இவனை எந்தக் குரூப்பில் போடலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று அப்பா கேட்கும் அந்த நேரத்தில் பையனின் கருத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அதை உங்கள் பாடத்திலிருந்தே எடுங்கள். விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கினால் பிள்ளைகள் உங்களை மன்னிக்கவே மாட்டார்கள்.

முதல் பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் பெயர் தெருக் கணக்கு. ஒவ்வொருவரும் தன் தெருவில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே பெரியவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அதை எங்கே கற்றார்கள் என்று எழுதி வர வேண்டும். முதல் சுற்றில் "கூலி", "கம்பெனி", "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்றுதான் வரும். தாளைத் திருப்பிக் கொடுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவரை வெறும் "கம்பெனி" என்று எழுதினால் ஏற்காதீர்கள். அவர் ரசாயனக் கலன் இயக்குகிறாரா, ஆய்வகத்தில் மாதிரி சோதிக்கிறாரா, கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்க்கிறாரா, பாய்லரில் நிற்கிறாரா? பாய்லர் இயக்குவதற்குத் தனித் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கும். "வீட்டில் சும்மா" என்று எழுதப்பட்ட அம்மா பண்ருட்டிப் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் முந்திரி உடைத்துக்கொண்டிருப்பார். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த பாடவேளையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் உள்ள வேலைகளை எல்லாம் கரும்பலகையில் நிரப்புங்கள். எங்கள் ஊருக்கு மீன் பொருத்தமானது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன் கரையேறுவதற்குள் படகு கட்டுபவர், என்ஜின் மெக்கானிக், வலை பின்னுபவர், புயல் எச்சரிக்கை தரும் வானிலை ஆய்வாளர் என்று பலர் உழைத்திருக்கிறார்கள். கரைக்கு வந்த பிறகு ஏலக்காரர், ஐஸ் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்ப்பவர், ஏற்றுமதிக்குத் தரம் சோதிக்கும் நுண்ணுயிரியல் பட்டதாரி, கணக்கு எழுதுபவர், வங்கிக்காரர், மீன்வளத் துறை ஆய்வாளர் எல்லோரும் வருகிறார்கள். மீன்வளத்துக்கென்றே நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகம் இருப்பதைத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் பலரும் என் வகுப்பில்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள். அப்பாவின் தொழிலைத் தலைமுழுகுவதுதான் முன்னேற்றம் என்று அதுவரை அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

விருத்தாசலத்துக்காரர் என்றால் மீனை விட்டுவிட்டு பீங்கானை எடுங்கள். செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனம் அங்கேயே இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் என்றால் நிலக்கரி, அங்குள்ள சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு.

இதைப் பாடத்தோடு முடிச்சுப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒலி நடத்தும்போது, படகில் உள்ள எக்கோ சவுண்டரில் (ஒலியை அனுப்பிக் கடல் ஆழம் அளக்கும் கருவி) இருந்து தொடங்குகிறேன். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி திரும்ப வரும் நேரத்தை வைத்து ஆழம் கண்டுபிடிக்கும் கணக்கைப் போட்டதும், இந்தக் கருவியைப் பழுதுபார்ப்பது யார், அவர் என்ன படித்தார் என்ற கேள்வி தானே வந்துவிடும். இங்கிலாந்தில் கேட்ஸ்பி அறக்கட்டளை 2014இல் பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்கள் வகுத்தது. பாடத்தை வேலையோடு இணைப்பது, வேலை செய்பவர்களைச் சந்திக்க வைப்பது, பணியிடத்தைக் காட்டுவது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நம் பள்ளியிலும் இந்த மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை.

விருந்தினராகப் புகழ்பெற்றவர்களை அழைக்காதீர்கள். உங்கள் பள்ளியிலேயே படித்து ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வெளியேறியவர்களைத் தேடுங்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர், செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பி.காம். பெண் ஆகியோர் பேசினால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உரை வேண்டாம், கேள்விக்குப் பதில் மட்டும். கேள்விகளைப் பிள்ளைகளே கேட்க வேண்டும். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்? படிப்புக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? முதல் மாதச் சம்பளம் எவ்வளவு? உங்களோடு படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேலை கிடைத்தது, கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்த வேலையில் எது வெறுப்பாக இருக்கிறது? கடைசிக் கேள்விக்குத்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இரவுப் பணியில் கால் வீங்கும் கதையைக் கேட்ட பிறகும் செவிலியராக வேண்டும் என்று சொல்லும் பெண் உண்மையிலேயே ஆக விரும்புகிறாள். எலக்ட்ரீஷியனாகவோ வெல்டராகவோ வேலை செய்யும் பெண் ஒருவரை எப்படியாவது கண்டுபிடித்து வகுப்பின் முன்னால் நிறுத்துங்கள். நூறு சுவரொட்டி ஒட்டினாலும் அதற்கு ஈடாகாது.

இனி, குரூப். இதில் உங்களுக்கே தெளிவு இல்லாவிட்டால் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்? எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்ற வரிசையில் பேசுங்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கணினி அறிவியல் குரூப் எடுத்துவிட்டு பன்னிரண்டாம் வகுப்பில் அழுது பயனில்லை. கட்டடக்கலைக்குக் கணிதம் இன்றி வழியில்லை. வணிகவியல் எடுத்தால் அறிவு குறைந்தவன் என்ற பேச்சை வகுப்பறையிலேயே வெட்டிவிடுங்கள், சி.ஏ.வும் சட்டமும் எந்தக் குரூப் படித்தவருக்கும் திறந்திருப்பவை. கப்பலில் சேர ஆசைப்படுபவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கப்பல் அதிகாரிப் படிப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியலில் 60 சதவீதம் கேட்பார்கள். நிறக்குருடு இருந்தால் கப்பல் தள அதிகாரியாக முடியாது. ஆகவே கண் பரிசோதனை முதலில், கனவு பிறகு. ஏஜென்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பயிற்சி நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை. கணித மதிப்பெண் முழுதாக 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50க்கு, ஆக 200. கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 எடுத்தவருக்கு 82 + 38 + 40 = 160. கணிதத்தின் எடை என்ன என்று அந்த ஒரு வரியில் புரிந்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கையால் செய்து கற்கும் பையனுக்கு அது சுற்றுவழி அல்ல.

எல்லைப்புறத்துப் பள்ளி என்றால் கூடுதல் குழப்பம் உண்டு. புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோவிலைத் தாண்டினால் விதிகள் வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, அங்கே தொழிற்படிப்புச் சேர்க்கை சென்டாக் என்ற மையச் சேர்க்கைக் குழு வழியாக நடக்கிறது, குடியிருப்புச் சான்றிதழ் முக்கியம். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கும் மாமா சொன்ன விதியை நம்பி கடலூர்ப் பிள்ளை காத்திருக்கக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் பணத்தைப் பற்றிப் பேசுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021இலும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை "பெரிய பள்ளியில்" சேர்க்கிறோம் என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் குடும்பம், அந்த 7.5 சதவீதத்தைத் தானே கை கழுவுகிறது. இதை நான் கூட்டத்தில் உரக்கவே சொல்வேன். சில தனியார் பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

தனிப் பேச்சு இல்லாமல் இதெல்லாம் பாதிதான். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு, பிள்ளையையும் வீட்டில் முடிவெடுப்பவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கால்மணி நேரம் பேசுங்கள். முடிவெடுப்பவர் அப்பாவாக இல்லாமல் சித்தப்பாவாகவோ வெளிநாட்டில் இருக்கும் அண்ணனாகவோ இருக்கலாம். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் 1908இல் தொழில் வழிகாட்டல் நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் மூன்றைச் சொன்னார்: தன்னை அறிதல், வேலையை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல். இன்றும் அதைவிட எளிய வரைபடம் கிடையாது. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். "போன வாரம் யாரும் சொல்லாமலேயே எதைச் செய்தாய்?" என்று கேளுங்கள். பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டதாகச் சொல்வான். அங்கிருந்து பேச்சு நகரும். இணையத்தில் கிடைக்கும் ஆர்வச் சோதனைகளைப் பேச்சைத் தொடங்கப் பயன்படுத்துங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். பேச்சு முடியும்போது மூன்று வழிகள் தாளில் இருக்க வேண்டும்: விரும்புவது, மதிப்பெண் குறைந்தால் எடுப்பது, வீட்டுச் சூழல் மாறினால் எடுப்பது. முடிவை நீங்கள் சொல்லாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

சான்றிதழ் வேலையை ஏப்ரலுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாமே ஈ-சேவை மையத்தில்தான். ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே நிற்க இடம் இருக்காது. ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சரிபாருங்கள்.

ரிசல்ட் அன்று வாழ்த்துச் சொல்லக் காத்திருப்பவர்களை விட்டுவிட்டு, தேர்ச்சி பெறாதவர்களின் பட்டியலை முதலில் எடுங்கள். அன்று மாலைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும். விண்ணப்பிக்கக் கடைசி நாளைச் சொல்லுங்கள். வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதையும் சொல்லுங்கள். போனை எடுக்காத வீட்டுக்கு, அதே தெருவில் இருக்கும் உங்கள் மாணவன் ஒருவனை அனுப்புங்கள். மறுநாள் காலை பிள்ளையோடு பள்ளிக்கு வரச் சொல்லி அனுப்புங்கள்.