செம்புக் கம்பியில் பாசி மாலை: குரோஷே ஊசியால் பின்னும் முறை

குரோஷே ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் நூலை வைத்துவிட்டு மெல்லிய செம்புக் கம்பியை எடுத்தால், கழுத்துக்கு அழகான ஒரு மூன்று சர மாலை பின்னிவிடலாம். தெரிந்திருக்க வேண்டியது செயின் என்கிற சங்கிலிப் பின்னல் ஒன்றுதான். அதுவும் தெரியாதவர்கள் முதலில் கம்பளி நூலில் நாலு முழம் செயின் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். அதை இங்கே சொல்லித்தரவில்லை. கம்பியில் எது மாறுகிறதோ அதை மட்டும் சொல்கிறேன்.

கம்பி எங்கே வாங்குவது

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கைவினைப் பொருள் கடைகளில் சின்ன உருளைகளில் கலர் கலராகக் கம்பி தொங்கும். பல உருளைகளில் உள்ளே இருப்பது செம்பா, இரும்பா, அலுமினியமா என்றே எழுதியிருக்காது. அதை விட்டுவிட்டு மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போங்கள். வயல் மோட்டாரும் மாவு கிரைண்டரும் ஓடுகிற நம் பக்கத்தில் அப்படி ஒரு கடையைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. அவர்களிடம் இருப்பது எனாமல் பூசிய நல்ல செம்புக் கம்பி, எடை போட்டுத் தருவார்கள். காயிலில் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டி மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. நமக்கோ வியர்வை நேராகச் செம்பில் படாமல் காக்கிறது. வெறும் செம்பைச் சித்திரை வெயிலில் கழுத்தில் போட்டுப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் தோலில் பச்சை படிந்துவிடும்.

கடையில் 30 நம்பர் என்று கேளுங்கள், நம்பர் என்பது கம்பியின் தடிமனைக் குறிப்பது. 50 கிராம் போதும், அதில் ஏறக்குறைய 70 மீட்டர் வரும். ஒரு மாலைக்கு 6, 7 மீட்டருக்கு மேல் செலவாகாது.

இந்த 30 நம்பர் முக்கியம். வெளிநாட்டு வீடியோக்களில் 28 என்று சொல்வார்கள். அது அமெரிக்கக் கணக்கு, 0.32 மில்லிமீட்டர். நம் காயில் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கணக்கு. அதில் 28 நம்பர் 0.376 மில்லிமீட்டர். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் விரலுக்கு நன்றாகத் தெரியும், பின்னப் பின்ன வலிக்கும். நம் 30 நம்பர் 0.315 மில்லிமீட்டர், அதுதான் அவர்களுடைய 28. 32 நம்பரும் பின்ன சுகமாக இருக்கும், ஆனால் மாலை துவண்டுவிடும், சீக்கிரம் அறுந்தும் போகும். முதல் மாலைக்கு வேண்டாம்.

பாசியும் ஊசியும்

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளிலும், ஆரி வேலைக்குச் சாமான் விற்கிற எல்லாக் கடைகளிலும் கண்ணாடிப் பாசி கிடைக்கும். நம்பர் கூடக் கூடப் பாசி சிறியதாகும். 11 நம்பர் 2 மில்லிமீட்டர் அளவு, 8 நம்பர் 3 மில்லிமீட்டர். தொடங்குகிறவர்கள் 8 நம்பர் எடுங்கள். சுகர் பீட்ஸ் என்று மலிவாகக் கிடைப்பதில் ஓட்டையின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. சாயமும் சிலதில் மேற்பூச்சுதான். நகப்பாலிஷ் எடுக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் வேண்டாம். கம்பி உரசி உரசி அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும்.

ஊசி 2 மில்லிமீட்டர், எஃகு. அலுமினிய ஊசியில் கம்பி கீறல் போட்டுவிடும், அப்புறம் நூல் வேலைக்கு அது ஆகாது. ஆரி ஊசியால் பின்ன முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது, அது மிகவும் மெல்லியது, கண்ணிகள் குறுகிப்போகும். இவை தவிர ஒரு மூக்குக் குறடு, ஒரு கட்டர்.

பின்னத் தொடங்குவோம்

கம்பியை உருளையிலிருந்து வெட்டாமலேயே பாசியை முழுவதும் கோத்துக்கொள்ளுங்கள். பாதியில் பாசி தீர்ந்தால் கம்பியை அறுக்காமல் சேர்க்க வழியில்லை, ஆகவே தாராளமாகக் கோத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலச் சரத்துக்கு, ஒன்று விட்டு ஒரு கண்ணியில் பாசி என்றால், 70 பாசி கோத்துக்கொண்டால் பற்றாக்குறை வராது. கலர் வரிசை வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடைசியாகக் கோத்த பாசிதான் பின்னலில் முதலில் வரும்.

முனையில் ஒரு சாண் கம்பியை விட்டுவிட்டு உருவாஞ்சுருக்கு போட்டு ஊசியில் மாட்டுங்கள். பாசி இல்லாமல் மூன்று செயின். அடுத்து ஒரு பாசியை ஊசியை ஒட்டித் தள்ளி, பாசிக்கு அந்தப் பக்கம் உள்ள கம்பியை ஊசியால் பிடித்து, கண்ணி வழியாக வெளியே எடுங்கள். பாசி பின்பக்கமாகச் சிக்கி நின்றுவிடும். அடுத்த செயின் வெறும் செயின். அதற்கடுத்தது பாசி. இவ்வளவுதான் பின்னல்.

இழுக்காதீர்கள்

மேலே சொன்னதைப் படித்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். ஆனால் முதல் ஒரு முழம் எல்லோருக்கும் கோணல்மாணலாகத்தான் வரும், அதிலும் நூலில் நன்றாகக் கை பழகியவர்களுக்கு. நம் சீமையில் அப்படிப்பட்ட கைகள் நிறைய. 19ஆம் நூற்றாண்டிலேயே இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலிசா கால்டுவெல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வீட்டு விசேஷத்துக்குத் தலையணை உறை ஓரம் பின்னித் தருகிற ஆச்சிகளும் மைனிகளும் இன்றைக்கும் இருக்கிறார்கள். நூல் வேலையில் இறுக்கம்தான் நேர்த்தி. சுண்டுவிரலில் நூலைச் சுற்றி, ஒவ்வொரு கண்ணிக்கும் லேசாக ஒரு இழுப்பு கொடுத்தால்தான் பின்னல் சமமாக நிற்கும். அந்த இழுப்பைக் கம்பியில் கொடுத்தால் கண்ணி இறுகி ஊசியே உள்ளே நுழையாது. பலவந்தமாக நுழைத்தால் கம்பி அறும்.

நூல் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். செம்பு அப்படியில்லை, வளைத்த இடத்தில் வளைந்தபடியே நிற்கும். அதனால் அதைப் பிடித்து நிறுத்த இறுக்கமே தேவையில்லை. கண்ணியைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். இதை விரல்கள் நம்பிவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

அப்படியானால் கை என்ன செய்ய வேண்டும்? கம்பியை விரலில் சுற்றாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சும்மா ஓட விடுங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் கழுத்தில் நிற்காமல், அதற்குக் கீழே தடித்த தண்டில் வந்து உட்கார வேண்டும். தண்டின் அளவுதான் கண்ணியின் அளவு, அப்போதுதான் எல்லாம் ஒன்றுபோல் வரும். கம்பியைப் பிடித்து வெளியே எடுக்கும்போது ஊசியின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டால் முந்தைய கண்ணியில் மாட்டாது.

இரண்டாவது தொல்லை முறுக்கு. உருளையை நிற்க வைத்து மேல்வழியாகக் கம்பியை உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். ஏறிய முறுக்கு எங்காவது சின்ன வளையமாகச் சுருண்டுகொள்ளும். அதை அப்படியே இழுத்தீர்களோ, அந்த இடம் மடிந்து, பிறகு அங்கேதான் அறும். சுருண்ட வளையத்தை இரண்டு விரலால் எதிர்ப்பக்கம் திருப்பி விரித்துவிடுங்கள். இன்னும் நல்லது, உருளையின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி, அது உருண்டு உருண்டு கம்பி விடும்படி வைப்பது.

தப்பாகப் போட்ட கண்ணியைப் பிரிக்கலாமா? பிரிக்காமல் இருப்பதே நல்லது. செம்பை வளைத்து நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அது கடினப்பட்டுக்கொண்டே போகும். அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை பிரித்துப் போட்டால் ஒடிந்துவிடும். பாசி விட்டுப்போன இடத்தில் கடைசியாக ஒரு துண்டுக் கம்பியில் பாசியைக் கோத்துக் கட்டிவிடலாம். வெளியே தெரியாது.

முடிப்பது

சரம் அளவுக்கு வந்ததும் இன்னொரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக முனையை வெளியே எடுத்து விடுங்கள். இதேபோல் மூன்று சரம். இப்போது இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக, மெதுவாகவே, நீட்டி விடுங்கள். கோணல்மாணலாகத் தெரிந்த கண்ணிகள் எல்லாம் ஒழுங்குக்கு வருவதைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும். மூன்று சரத்தையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, தளர்வாகச் சடை போடலாம், அல்லது தனித்தனியாகவே தொங்க விடலாம். எனக்குச் சடைதான் பிடிக்கும், கழுத்தில் புரளாமல் நிற்கும்.

ஒரு பக்கத்து மூன்று வால்களையும் சேர்த்து முறுக்கி, கூம்பு மூடிக்குள் நுழைத்து, மேலே வரும் கம்பியை ஒரு வளையத்தில் மூன்று சுற்று சுற்றுங்கள். மிச்சத்தை வெட்டிவிட்டு, முனையைக் குறடால் அமுக்கிச் சுற்றுக்கு அடியில் தள்ளுங்கள். விரலால் தடவினால் எங்கும் குத்தக் கூடாது. மறுபக்கமும் அப்படியே. கவரிங் நகைச் சாமான் விற்கிற கடையில் எஸ் கொக்கி கிடைக்கும், மாட்டிவிட்டால் மாலை தயார்.

பிறகு சேர்த்தது

பின்னிப் பார்த்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். ஒன்று, குன்றிமணியைக் கோக்கலாமா? வேண்டவே வேண்டாம். துளைபோட்டால் உள்ளே இருக்கும் கொடிய நஞ்சு வெளிப்படும், அதிலும் குழந்தைகள் இருக்கிற வீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள். சிவப்பு விதைதான் வேண்டும் என்றால் ஆனைக்குன்றிமணி என்கிற மஞ்சாடி இருக்கிறது. துளைபோட்டே விற்பதாகக் கிடைத்தால் வாங்குங்கள், வீட்டில் துளைப்பது சிரமம்.

இரண்டாவது, கறுத்துப்போன மாலையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? எனாமல் இருக்கிற கம்பிக்குப் புளி தேவையில்லை. கறுத்திருப்பது பெரும்பாலும் பூச்சு உரிந்த முனைகளாகத்தான் இருக்கும், அல்லது அழுக்காக இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். தேய்க்க மட்டும் வேண்டாம்.