சாக்பீஸ் கோட்டில் ஒரு கழிப்பறை: பயன்படுத்துவோரோடு சேர்ந்து திட்டம் போடும் முறை

மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறையில் துடைப்பமும் பினாயில் கேனும் அடுக்கியிருப்பதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். அளவெல்லாம் சரியாகவே இருக்கும். வரப்போகிறவர்களிடம் வரைபடம் முடிந்த பிறகு கேட்டிருப்பார்கள், அல்லது கேட்டே இருக்க மாட்டார்கள்.

முதல் கோடு போடுவதற்கு முன்பே ஆறேழு பேரைக் கூப்பிடுங்கள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளுபவர், பிறர் தள்ளி வருபவர், ஊன்றுகோலில் நடப்பவர், தரையில் கையூன்றி நகர்பவர், வீட்டில் ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கும் துணையாள் எல்லாரும் வேண்டும். பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். தூய்மைப் பணியாளரை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் கூலியும் ஆட்டோ செலவும் கையில் கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது. சந்திக்கும் இடம் தரைத்தளத்தில், அவர்கள் போகக்கூடிய கழிப்பறையோடு இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் தேடி அலையும்போதே பொறியாளருக்குப் பாதி பாடம் ஆகிவிடும்.

பிளானை விரித்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். அது மரியாதை, கருத்து அல்ல. அதற்குப் பதில் சிமென்ட் தரையில் 2.2 மீட்டருக்கு 2 மீட்டர் கட்டம் போடுங்கள். வெறும் கோடு போதாது, சக்கரம் தாண்டியதே தெரியாது. கோட்டின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்தால் இடித்ததும் விழும். கதவுக்கு 90 செ.மீ. வழி, நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டத்தில் வட்டம். 45 முதல் 48 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் அடுக்கிப் பலகை போட்டால் அதுதான் கம்மோடு. பிளாஸ்டிக் ஸ்டூல் சாய்ந்துவிடும், வேண்டாம். (1980களில் அச்சுத் தொழிலாளர்களோடு சேர்ந்து கணினிக் கருவிகளை வடிவமைத்த சுவீடன், டென்மார்க் ஆய்வாளர்கள், காலி அட்டைப்பெட்டியையே லேசர் பிரிண்டர் என்று வைத்து வேலை பார்த்தார்கள்.)

இனி ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்தி, திரும்பி, பலகைக்கு மாறி, குழாயை எட்டி, வெளியேறிக் காட்டட்டும். நீங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருங்கள். புடவையை எங்கே மாட்டுவது, உடம்போடு குழாயில் மாட்டியிருக்கும் சிறுநீர் சேரும் பையை எதன்மேல் வைத்துக் காலி செய்வது என்ற கேள்விகள் இங்கேதான் முளைக்கும். கைப்பிடிக்கு 40 மி.மீ. பிவிசி குழாயை இரண்டு பேர் பிடித்து நிற்க, உட்கார்ந்திருப்பவர் "இன்னும் கீழே" என்று சொல்லும் இடத்தில் குறியிடுங்கள். எடையைப் போட விடாதீர்கள், பிடித்துப் பார்த்தால் போதும்.

ஒருவருக்கு இடப்பக்கமிருந்து மாறத்தான் வரும், இன்னொருவருக்கு வலப்பக்கம். இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றை மற்றதன் கண்ணாடிப் பிம்பமாகக் கட்டுங்கள். ஒன்றுதான் என்றால் முடிவை அவர்களிடமே விடுங்கள். நாற்காலியை நிறுத்தும் திறந்த பக்கத்தில், மேலே மடக்கிவிடக்கூடிய கைப்பிடி வரும்.

முடிவான அளவுகளைத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மேஸ்திரியிடம் கொடுங்கள். பூச்சு வேலைக்கு முன் அதே ஆட்களைத் திரும்ப அழையுங்கள். கைப்பிடி வரும் இடத்தில் ஹாலோ பிளாக் இருந்தால் அங்கே கான்கிரீட் நிரப்பவேண்டியது அப்போதுதான். நிரப்பாமல் விட்டு, டைல்ஸ் ஒட்டியபின் போட்ட போல்ட் ஆள் எடைக்குப் பிடுங்கிக்கொள்ளும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. கடைசி முறை வரும்போது, தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அவர்களை உள்ளே விடுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.