கன்ட்ரோலர் ஒன்று நின்றதும் பூட் ஆகாத சர்வர்

எங்கள் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) சர்வர்களில் உள்ளே டிஸ்க் கிடையாது. ஃபைபர் சேனல் என்ற ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியாக, ஸ்டோரேஜில் உள்ள லன்னிலிருந்தே (LUN, சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதி) பூட் ஆகும். பராமரிப்புக்காக ஸ்டோரேஜின் ஒரு கன்ட்ரோலரை நிறுத்தியபோது, ஓடிக்கொண்டிருந்த சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீபூட் செய்த ஒன்று மட்டும் பூட் டிவைஸ் இல்லை என்று நின்றுவிட்டது.

மல்டிபாத் (ஒரு பாதை போனால் இன்னொன்றில் ஸ்டோரேஜை அடையும் வசதி) மீதுதான் முதலில் சந்தேகம். ஆனால் அது ஹைப்பர்வைசர் ஏறிய பிறகே வேலைக்கு வரும். அதற்கு முன் லன்னைத் தேடுவது சர்வரை ஃபைபர் சேனலோடு இணைக்கும் ஹெச்பிஏ (HBA) கார்டின் பயாஸ். அதில் பதிந்திருந்த டபிள்யூடபிள்யூபிஎன் (WWPN, ஸ்டோரேஜ் போர்ட்டின் முகவரி) ஒன்றே ஒன்று, அதுவும் நிறுத்திய கன்ட்ரோலருடையது.

மாற்று பூட் டார்கெட்டாக அடுத்த கன்ட்ரோலரின் போர்ட்டையும் லன் எண்ணையும் சேர்த்ததும் சர்வர் எழுந்துவிட்டது. இரண்டாவது கார்டில் பூட் பயாஸே அணைந்து கிடந்தது, அதையும் இயக்கினேன்.

கையோடு லன் மாஸ்கிங்கையும் (எந்த லன் எந்த சர்வருக்குத் தெரியலாம் என்ற அமைப்பு) பாருங்கள். பூட் லன் பக்கத்து சர்வருக்கும் தெரிந்தால், அங்கே இன்ஸ்டால் செய்பவர் இதன் மேலேயே எழுதிவிடக்கூடும்.