வகுப்புக்கு முன் ஒரு கொப்பி: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் மேசை வேலை பார்ப்போருக்கான கற்றல் வழி

2022 நவம்பரில் சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்ததிலிருந்து, கொழும்பில் கணக்கு, கடிதம், மொழிபெயர்ப்பு என்று மேசை வேலை பார்க்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த வகுப்பில் சேரலாம்? அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள்.

இரண்டு கிழமைக்கு, நாளாந்தம் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அதற்குப் பிடித்த நேரத்தையும், அதில் பிழை நேர்ந்தால் யாருக்கு என்ன நட்டம் என்பதையும் அதில் எழுதுங்கள். ‘கணக்கு இலிகிதர்’ என்ற பதவிப் பெயரை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. பற்றுச்சீட்டுகளைப் பதிவதும், திரும்பி வந்த காசோலைக்காகப் புறக்கோட்டை முதலாளி ஒருவரிடம் மனம் நோகாமல் பேசிப் பணத்தை வாங்குவதும் ஒரே பதவிக்குள்தான் இருக்கின்றன. முதலாவதை இத்தகைய கருவி செய்துவிடும், இரண்டாவதற்கு நீங்கள்தான் போக வேண்டும்.

அடுத்ததாக, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையைக் கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். நான் 80,000 ரூபாய் சம்பளத்துக்கான வருங்கால வைப்புக் கழிவைத் தமிழில் கேட்டபோது, ஊழியரிடம் 12 சதவீதம், அதாவது 9,600 ரூபாய் பிடிக்க வேண்டும் என்று சற்றும் தயங்காமல் விடை வந்தது. அது இந்தியாவின் விதி. இங்கே இலங்கையில் அதற்கு இணையான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், எனவே 6,400 ரூபாய்; முதலாளியின் பங்கு 12 சதவீதம்; அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். அந்த விடையை அப்படியே சம்பளப் பட்டியலில் ஏற்றியிருந்தால், ஒருவருடைய கையிலிருந்து மாதம் 3,200 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். நம்முடைய ‘பெறுமதி சேர் வரி’ பல தடவை ‘மதிப்புக் கூட்டு வரி’ ஆகிவிடுவதும் இதே காரணத்தால்தான்: இக்கருவிகள் இணையத்தில் உள்ள எழுத்தைப் படித்துப் பழகியவை, அங்குள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. (குற்றத்தில் ஒரு பங்கு என்னுடையது; கேள்வியில் நாட்டின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன்.)

ஆகவே, கருவியின் பிழையை எந்த இடத்தில் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லையோ, அந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது வரிச் சட்டமாக இருக்கலாம். மொழிபெயர்ப்பவருக்கு வர்த்தமானிச் சொற்களாகவும், சிங்கள மூலத்தை நேராக வாசிக்கும் திறனாகவும் இருக்கலாம். என் அபிப்பிராயத்தில், கருவியிடம் கேள்வி கேட்கும் உத்திகளைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குக் காசு கொடுப்பதைவிட, சிங்களத்தையோ எக்செல்லையோ ஒரு படி மேலே கொண்டுபோவது பயன் தரும். தினமும் அரை மணித்தியாலம் போதும்; வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு அந்த நேரம் வழியிலேயே கிடைக்கிறது, இருக்கை கிடைத்தால்.

பழகும்போது ஒன்றில் கவனம் தேவை. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையோ சக ஊழியரின் சம்பள விபரத்தையோ கருவிக்குள் இடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுகளுக்கென்றே இயற்றப்பட்டது. பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றிவிட்டுப் பரீட்சித்துப் பாருங்கள்.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். நிரலாக்கத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவச இணையவழிப் பாடநெறிகளை நடத்துகிறது. வேலையை விடாமல் பட்டம் படிக்க விரும்புவோருக்கு நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. பல ஆண்டுகள் வேலை செய்தும் கையில் தாள் இல்லாதவர்கள், ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழி தங்கள் தொழிலுக்கு உண்டா என்று விசாரிக்கலாம். அங்கே, நீங்கள் இதுவரை செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கேட்பார்கள். எதையெல்லாம் தேடி எடுக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கொப்பியைப் புரட்டினால் போதும்.